மலையில் ஏன் வழிந்தது மாவு?

என் பெரியம்மா பிரிஞ்சாங்கிற்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கையில் நாலு காசு புழங்கட்டும் என்று, தோட்டத்துப் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் அணிச்சல் செய்து விற்கத் தீர்மானித்தார். ஈப்போவில் இருக்கும் என் சித்தி இதில் கைதேர்ந்தவர். தன் செய்முறையைத் தாளில் எழுதி, தான் பயன்படுத்துவது போலவே 8 அங்குல வட்ட டின் ஒன்றையும் வாங்கி அனுப்பி வைத்தார்.

முதல் அணிச்சல் ஓவனுக்குள் பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து, அடியில் கருகி, கடைசியில் நடுவே பள்ளம் விழுந்து அமுங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளுக்கென்று முன்பணம் வாங்கிச் செய்தது. அதுவும் அமுங்கியது. வெண்ணெய், முட்டை, சீனி எல்லாம் வீண். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இந்த ஓவன் சரியில்ல போல. கடன் வாங்கியாவது பெருசா ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்க பெரியம்மா. முதல்ல அந்த டின்ன அளந்து சொல்லுங்க."

ஓவனில் கோளாறு இருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதே ஓவனில் அவர் சுடும் ஸ்கோன் நன்றாகத்தான் வந்தது. செய்முறை ஒன்று, டின் ஒன்று, சூடும் ஒன்று. சித்தியின் சமையலறைக்கும் பெரியம்மாவின் சமையலறைக்கும் இருந்த பெரிய வேறுபாடு உயரம்தான். ஈப்போ கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரியம்மாவின் வீடு சுமார் 1,500 மீட்டரில்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக்கு வேண்டிய குளிர் இந்த உயரத்தில் கிடைத்தது. நம் முன்னோர் பலர் இங்கே ஏறி வந்ததும் அந்தத் தேயிலையை நம்பித்தான். ஆனால் உயரம் குளிரை மட்டும் தருவதில்லை, காற்றின் அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,500 மீட்டரில் அது ஏறக்குறைய 85 கிலோபாஸ்கல். நான்காம் படிவ இயற்பியலில் பாயில் விதி படிக்கிறீர்கள் அல்லவா? வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் கூடும். 101ஐ 85ஆல் வகுத்தால் சுமார் 1.19. ஈப்போவில் 100 மில்லிலிட்டர் இடம் பிடிக்கும் வாயு, பிரிஞ்சாங்கில் சுமார் 119 மில்லிலிட்டர் இடம் கேட்கும்.

அணிச்சல் மாவு என்பது கோடிக்கணக்கான குமிழிகள் நிறைந்த கூழ். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கரிவளி வாயுவும், வெண்ணெயையும் சீனியையும் அடிக்கும்போது உள்ளே போன காற்றும், நீராவியும் அந்தக் குமிழிகளை ஊத வைக்கின்றன. இதற்கிடையே முட்டையின் புரதமும் மாவின் ஸ்டார்ச்சும் சூட்டில் இறுகி, குமிழிகளின் சுவரை உறுதியாக்க வேண்டும். ஊதுவதும் இறுகுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தால் அணிச்சல் நிற்கும். மலையில் ஊதுவது முந்திக்கொள்கிறது. சுவர் இறுகுமுன் குமிழி பெருத்து உடைகிறது. மாவு வழிகிறது, பிறகு அமுங்குகிறது.

தண்ணீரும் சேர்ந்து சதி செய்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். மாவின் உட்பகுதியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. ஆக, இறுகுவது தாமதமாகிறது. ஈரம் ஆவியாவதோ விரைவாகிறது. அடுத்த முறை தானா ராத்தாவில் தங்கும்போது, கொதிக்கும் தண்ணீரில் ஆய்வக வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பாதுகாப்புக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஓர் அங்குலம் செய்த வேலை

பெரியம்மாவின் டின் 8 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் கொண்டது. சித்தியின் அளவுப்படி மாவு ஊற்றினால் டின்னில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2 அங்குல உயரத்திற்கு நிற்கும். சமவெளியில் இது சரியான அளவு. மலைப்பகுதிகளுக்கான பேக்கிங் வழிகாட்டிகள் டின்னைப் பாதி மட்டும் நிரப்பச் சொல்கின்றன.

மாவைக் குறைத்தால் அணிச்சல் சிறிதாகிவிடும், வாங்குகிறவர் கேட்பார். சரி, டின்னைப் பெரிதாக்கினால்? இங்கேதான் கணக்கு கைகொடுத்தது. 8 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். 9 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 64. விட்டத்தில் கூடியது ஒரே ஓர் அங்குலம். பரப்பில் கூடியதோ கால் பங்கிற்கும் மேல். ஆரத்தை இருமுறை பெருக்குகிறோம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2 அங்குலம் நின்ற அதே மாவு, 9 அங்குல டின்னில் ஒன்றரை அங்குலத்திற்குச் சற்று மேலேதான் நிற்கும். 3 அங்குல டின்னில் அது கிட்டத்தட்டப் பாதி!

சதுர டின்னைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். 8 அங்குலச் சதுரத்தின் பரப்பு 64 சதுர அங்குலம். அது 9 அங்குல வட்டத்திற்குச் சமம், 8 அங்குல வட்டத்திற்கு அல்ல. உருவம் விநோதமாக இருந்தால், பூ வடிவ அச்சு போல, தண்ணீரை ஊற்றி எத்தனை கோப்பை பிடிக்கிறது என்று எண்ணிவிடுங்கள். அது எல்லா வடிவத்திற்கும் பொருந்தும்.

டின்னோடு சேர்த்து மூன்று சிறிய மாற்றங்களையும் செய்யச் சொன்னேன். பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டிக்குக் கால் பங்கு குறைப்பது, இரண்டு மேசைக்கரண்டி பால் கூட்டுவது, ஓவன் சூட்டைச் சுமார் 10 பாகை உயர்த்துவது. சூடு கூடினால் சுவர் சீக்கிரம் இறுகும் என்பதுதான் காரணம். "டின்னுக்கு மட்டும் காசு செலவு பண்ணா போதுமா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். போதும் என்றேன். கடன் விண்ணப்பம் அப்படியே நின்றது.

கறுப்பா, வெள்ளையா?

தானா ராத்தாவில் பாத்திரக் கடைக்குப் போன பெரியம்மா அங்கிருந்தே மறுபடி அழைத்தார். பளபளக்கும் அலுமினியம் ஒன்று, ஒட்டாத பூச்சு பூசிய கறுப்பு டின் ஒன்று, கனத்த கண்ணாடித் தட்டு ஒன்று, எல்லாம் 9 அங்குலம். எதை எடுப்பது?

ஓவனுக்குள் வெப்பம் மூன்று வழியாகப் போகிறது. சூடான காற்று டின்னைத் தொட்டுக் கொடுப்பது வெப்பச்சலனம். கம்பித் தட்டிலிருந்து நேராக ஏறுவது வெப்பக்கடத்தல். சிவந்த கம்பியும் சூடான சுவர்களும் வீசுவது கதிர்வீச்சு. விசிறி இல்லாத சாதாரண ஓவனில், கறுப்பு டின் பெறும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் கதிர்வீச்சாகவே வரும். கருமையான பரப்பு அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பளபளப்பான அலுமினியம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திடல்தடப் போட்டிக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரே சூட்டில் கறுப்பு டின்னின் ஓரமும் அடியும் சீக்கிரம் சிவந்து தடித்த தோலாகிவிடும். உயரமான அணிச்சலுக்கு இது நல்லதல்ல: ஓரம் இறுகிவிட்ட பிறகும் நடுப்பகுதி ஏறிக்கொண்டிருக்கும், மேலே கூம்பி வெடிக்கும். ரொட்டிக்கும் பீட்சாவிற்கும் மொறுமொறுப்பான அடி வேண்டும், அவற்றுக்குக் கறுப்பு நல்லது. பெரியம்மாவை அலுமினியத்தை எடுக்கச் சொன்னேன்.

அலுமினியத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது வெப்பத்தைக் கடத்தும் திறன் துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்கிற்கும் மேல். கண்ணாடியைவிட இருநூறு மடங்கு. இதை வைத்து, எஃகு டின்னில் வேகவே வேகாது என்று சிலர் சொல்வது மிகை. ஓவனில் வெப்பம் காற்றிலிருந்து டின்னுக்கு வந்து சேர்வதே மெதுவாகத்தான். வந்த வெப்பத்தை டின் முழுவதும் சமமாகப் பரப்புவதில்தான் அலுமினியம் வெல்கிறது. ஓவனின் ஒரு மூலை அதிகம் கொதித்தாலும் அணிச்சலின் ஒரு பக்கம் மட்டும் கருகாது.

மெல்லிய தாள் போன்ற மலிவு டின்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை சூட்டில் 'டொப்' என்று நெளியும். விரலால் அழுத்தினால் வளையாத கனம் போதும்.

கனம் எப்போது உதவும்?

கண்ணாடித் தட்டு கனமானது. கனம் என்றால் தரம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் மலாயில் 'முஆத்தான் ஹாபா தெந்து' என்று படிப்பதைத் தமிழில் தன்வெப்பக் கொள்ளளவு என்போம். ஒரு கிலோகிராம் அலுமினியத்தை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 900 ஜூல் வேண்டும், கண்ணாடிக்குச் சுமார் 800. பார்க்கப்போனால் கண்ணாடிக்குத்தான் குறைவு. ஆனால் அலுமினிய டின்னின் எடை 250 கிராம் என்றும் கண்ணாடித் தட்டின் எடை 1.2 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், மலைக்குளிரில் 20 பாகையில் இருக்கும் சமையலறையிலிருந்து 180 பாகைக்கு ஏற்ற, டின்னுக்கு வேண்டியது 36 கிலோஜூல். கண்ணாடிக்கு ஏறக்குறைய 154 கிலோஜூல்.

கண்ணாடி சூடேற நேரம் எடுக்கும். சூடேறிய பிறகு விடவும் நேரம் எடுக்கும். வெளியே எடுத்த பிறகும் அணிச்சலின் ஓரம் வெந்துகொண்டே இருக்கும், வறண்டுபோகும். அதோடு, ஓவன் கதிர்வீச்சு கண்ணாடி வழியே ஊடுருவி நேராக மாவைத் தாக்கும் என்று பலர் எழுதுவது பெரும்பாலும் சரியல்ல. 180 பாகையில் உள்ள சுவர்கள் வீசும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி உறிஞ்சிவிடும். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி, அந்தக் கதிர்களுக்குக் கறுப்புச் சுவர் மாதிரி. அதனால்தான் கண்ணாடித் தட்டில் சுடும்போது ஓவன் சூட்டைச் சுமார் 15 பாகை குறைக்கச் சொல்கிறார்கள்.

கனமே கூடாது என்றும் அர்த்தமில்லை. மலாய்க்காரர் வீடுகளில் பெருநாளுக்குச் சுடும் குவே பஹுலுவை எண்ணிப் பாருங்கள். அதன் பாரம்பரிய அச்சு கனத்த பித்தளை அல்லது இரும்பு. மாவு ஊற்றுமுன்பே அச்சைச் சூடாக்கி, கீழேயும் மூடியின் மேலேயும் தணல் போடுவார்கள். அச்சு சேமித்து வைத்த வெப்பம் முழுவதும் ஒரு கரண்டி மாவுக்குள் பாய்கிறது; சில நிமிடத்தில் தோல் இறுகி, உள்ளே பஞ்சாகிவிடும். நம் ஆப்பச்சட்டியின் தத்துவமும் அதுதான். முன்கூட்டியே சூடாக்கினால் கனம் உதவும். குளிர்ந்த தட்டில் நிறைய மாவை ஊற்றிவிட்டு ஓவனில் வைத்தால், அதே கனம் தாமதப்படுத்தும்.

வெடித்த தட்டு

கண்ணாடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில், ஓவனிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை ஈரமான கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்தேன். ஓரிரு விநாடிதான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். சமையலறை முழுவதும் சில்லுகள். காலில் செருப்பு இருந்ததால் தப்பினேன்.

கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், ஈரத்தைத் தொட்ட இடம் உடனே குளிர்ந்து சுருங்கும். மீதி இடம் சூடாகவே விரிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். இழுவை அளவு மீறினால் உடையும். எவ்வளவு சுருங்கும் என்பது கண்ணாடியின் வகையைப் பொறுத்தது. சன்னலுக்கும் குடிக்கும் குவளைக்கும் பயன்படும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, போரோசிலிக்கேட் கண்ணாடியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரிந்து சுருங்கும். உங்கள் பள்ளி ஆய்வகத்து பீக்கர் நேரடித் தீயைத் தாங்குவது அது போரோசிலிக்கேட் என்பதால்.

அந்தக் கண்ணாடி சமையலறைக்குள் நுழைந்த கதை சுவையானது. அமெரிக்காவில் கோர்னிங் நிறுவனம் ரயில் விளக்குகளுக்காகவும் மின்கலச் சாடிகளுக்காகவும் சூட்டில் உடையாத கண்ணாடியைச் செய்து வந்தது. அங்கே இயற்பியலாளராக இருந்தவர் ஜெஸ்ஸி லிட்டில்டன். 1913இல் அவர் மனைவி பெஸ்ஸியின் மண்பாண்டத் தட்டு உடைந்துபோகவே, மின்கலச் சாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பெஸ்ஸி அதில் பஞ்சு அணிச்சல் ஒன்று சுட்டார். சமமாகச் சிவந்து, ஒட்டாமல் வந்தது. 1915இல் பைரெக்ஸ் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. பெயர் வரலாற்றில் ஜெஸ்ஸிக்கு நிற்கிறது. சோதனையைச் செய்தவர் பெஸ்ஸி என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடித் தட்டுகள் எல்லாம் போரோசிலிக்கேட் அல்ல. வலுவூட்டிய சோடா சுண்ணாம்புக் கண்ணாடியும் நிறைய உண்டு. கீழே விழுந்தால் அது நன்றாகத் தாங்கும். திடீர் வெப்ப மாற்றத்தை அவ்வளவாகத் தாங்காது. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எதுவாக இருந்தாலும், சூடான தட்டை உலர்ந்த துணி மடிப்பின் மேலோ மரப்பலகையின் மேலோதான் வைக்க வேண்டும். மலைவீட்டில் குழாய்த் தண்ணீரும் சிமெண்டு மேடையும் சமவெளியைவிடக் குளிர்ந்தவை. ஆபத்தும் அங்கே அதிகம்.

ஸ்ட்ராபெர்ரி ஊரின் கதை

கேமரன் மலையில் அணிச்சலுக்கு அடுத்தபடி எல்லாரும் கேட்பது ஸ்ட்ராபெர்ரி வைத்துச் சுட்டது. பெரியம்மாவும் இரண்டாவது மாதமே அதில் இறங்கிவிட்டார். இங்கே அலுமினியத்தை ஒதுக்க வேண்டும். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். ஸ்ட்ராபெர்ரி, எலுமிச்சை, தக்காளி போன்றவற்றின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். பழக்கலவையை இரவு முழுவதும் அலுமினியத் தட்டில் விட்டால் தட்டில் புள்ளி புள்ளியாக அரிப்பும், பழத்தில் சாம்பல் நிறமும் உலோகச் சுவையும் வரும். இந்த வேலைக்குக் கண்ணாடி சரி. இனாமல் தட்டும் சரி. நம் தாத்தாக்கள் தேநீர் குடித்த இனாமல் குவளையின் பூச்சு, இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதான். ஓரம் பெயர்ந்த இனாமல் தட்டை மட்டும் வேண்டாம். அடுத்த சில்லு உணவுக்குள் விழலாம்.

சிலிக்கான் அச்சுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒட்டாது, உடையாது, வெப்பத்தைக் கடத்தாது, ஆகவே சரியாகச் சிவக்காது. ஒட்டாத பூச்சு ஓவன் சூட்டிற்குத் தாங்கும். 260 பாகைக்கு மேல் போனால் சிதையத் தொடங்கும் என்பதால், வெறும் டின்னை அடுப்புத் தீயில் வைக்கக் கூடாது. பழைய பெயிண்டு டின், மண்ணெண்ணெய் டின் எதையும் வெட்டி அச்சாக்காதீர்கள். அவற்றின் பற்றவைப்பிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

புதிய தட்டை வாங்குமுன் ஓவனை அறிந்துகொள்ள ஒரு மலிவான சோதனை இருக்கிறது. வெள்ளை ரொட்டித் துண்டுகளைக் கம்பித் தட்டு முழுவதும் அடுக்கி, 180 பாகையில் சில நிமிடம் வைத்து எடுங்கள். எந்த மூலை கறுக்கிறதோ அங்கேதான் அதிகச் சூடு. பெரியம்மாவின் ஓவனில் பின்பக்க வலது மூலை கறுத்தது. பாதி நேரத்தில் டின்னைத் திருப்பி வைக்கிறார், அவ்வளவுதான்.

அணிச்சலை ஆறவைப்பதற்கு மட்டும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலையில் துளையிட்ட தட்டுகளின் ஊடே சூடான காற்று போய்த் தேயிலையை உலர்த்துவதைப் பல ஆண்டு பார்த்தவர் அவர். டின்னிலேயே விட்டால் ஆவி அடியில் தண்ணீராகி நசநசத்துவிடும் என்று, பத்து நிமிடத்தில் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுகிறார். "இது கூடத் தெரியாதா?" என்று என்னையே கேட்டார்.

நான்காவது அணிச்சலை, முன்பணத்தைத் திரும்பப் பெற்ற அதே பக்கத்து வீட்டுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். கூம்பாமல், அமுங்காமல், மேல்புறம் மட்டமாக வந்திருந்தது. அடுத்த வாரம் அவர்களே இரண்டு சொல்லி வைத்தார்கள். சித்தி அனுப்பிய 8 அங்குல டின்னில் இப்போது முறுக்கு இருக்கிறது.